சமயங் கடந்த சான்றோர் ஸ்பினோசா

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் குடியேறி வாழ்வோர்க்குத் தம் மக்களின் கூட்டுறவு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாய்மொழியிற் பேச நான்கு பேர், நன்மை தீமைகளில் உடன் நிற்க நான்கு குடும்பங்கள், ஆண்டுக்கொரு முறை கூடி மகிழ ஒரு விழா. அயலூர் வாழ்வுக்கு இவையே ஊன்றுகோல். அந்த ஊன்றுகோலை ஒருவனுடைய கையிலிருந்து ஒரே நாளிற் பறித்துவிட்டால் அவன் நிலை என்னாகும்? அவ்வாறு பறிக்கப்பட்ட பின்னரும், எவரையும் நொந்துகொள்ளாமல், வேறெந்தக் கூட்டத்தையும் சாராமல், இறைவனைப் பற்றிய சிந்தனையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் ஹாலந்து நாட்டு ஞானியாகிய ஸ்பினோசா.

குடியேறிய குடும்பம்

1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசு தன் நாட்டு யூதர்களுக்கு இரண்டே வழிகளை வைத்தது. ஞானஸ்நானம் பெற வேண்டும். அன்றேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறியவர்களிற் பலர் அண்டை நாடாகிய போர்த்துகலை அடைந்தனர். அங்கும் 1497-இல் கட்டாய மதமாற்றம் நிகழ்ந்தது. அதன் பின்னர் வெளியே கிறிஸ்தவராகவும், வீட்டினுள்ளே யூதராகவும் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்தன. மறைவு வெளிப்பட்டால் மத விசாரணை மன்றம் சிறையிலிடும். உயிரோடு எரிக்கவும் செய்யும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவர்களுள் பலர் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்து குடியேறி, மறந்துபோன எபிரேய மொழியையும் முன்னோர் ஆசாரங்களையும் மீண்டும் முயன்று கற்றனர்.

ஸ்பினோசாவின் தந்தையார் மைக்கேல் போர்த்துகலில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் உலர்ந்த பழம் முதலிய பண்டங்களை இறக்குமதி செய்து வாணிகம் நடத்தினார். யூதக் கோயிலின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றவர். அவருக்கு 1632 நவம்பர் 24 அன்று பிறந்த புதல்வருக்கு மூன்று பெயர்கள் வாய்த்தன. வீட்டில் போர்த்துகீசிய மொழியில் பெந்தோ. கோயிலில் எபிரேய மொழியில் பாரூக். பிற்காலத்தில் நூலுலகில் லத்தீன் மொழியில் பெனெடிக்டுஸ். ஆசி பெற்றவன் என்பதே மூன்றுக்கும் பொருள். வீட்டில் ஒரு மொழி, வழிபாட்டில் ஒரு மொழி, தெருவில் டச்சு மொழி என்று வளர்ந்த அப்பிள்ளையின் இளமை, நம் காலனிக் குழந்தைகளின் இளமையை ஒருவாறு ஒத்ததே.

ஆறு வயது நிரம்புந் தறுவாயில் அன்னையை இழந்தார். ஏழாம் வயதில், அந்தச் சமூகத்தையே உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. உரியல் ட கோஸ்டா என்பவர் யூத ஆசாரங்களைக் கேள்விக்குள்ளாக்கி விலக்கி வைக்கப்பட்டவர். தனிமையைத் தாங்க மாட்டாமல் அவர் மன்னிப்பு வேண்டினார். கோயிலில் மக்கள் முன்னிலையில் அவருக்கு முப்பத்தொன்பது கசையடிகள் கொடுத்துச் சேர்த்துக்கொண்டனர். அந்த அவமானத்தோடு உயிர் வாழ விரும்பாமல் 1640-இல் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். சமூகத்தோடு மாறுபடுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை ஸ்பினோசா அறியாதவர் அல்லர்.

விலக்கு

கோயிலைச் சார்ந்த பள்ளியில் எபிரேயமும் வேதமும் நன்கு பயின்ற ஸ்பினோசா, வான் டென் எண்டன் என்னும் ஆசிரியரிடம் லத்தீன் கற்றார். அம்மொழி புதிய விஞ்ஞானத்திற்கும், தெகார்த்தே போன்ற தத்துவ ஞானிகளின் நூல்களுக்கும் வாயிலாயிற்று. 1654-இல் தந்தையார் மறையவே, தம்பி காபிரியேலோடு கூட்டாகக் கடையை நடத்தினார். ஆனால் அவர் உள்ளம் கணக்குப் புத்தகத்தில் இல்லை. வேதம் எவ்வாறு தோன்றியது? உயிர் அழிவற்றதா? கடவுள் மனிதரைப்போல் விரும்பவும் வெறுக்கவும் கூடியவரா? இவற்றை எண்ணினார், எண்ணியதைப் பிறரிடம் மறைக்கவும் இல்லை.

1656 ஜூலை 27 அன்று கோயிலில் விலக்காணை படிக்கப்பட்டது. நம் முன்னோர் ஜாதிப் பிரஷ்டம் என்று அஞ்சியதை ஒத்தது அது. ஒருவரும் ஸ்பினோசாவோடு பேசலாகாது, கடிதம் எழுதலாகாது, உதவி செய்யலாகாது, அவரோடு ஒரு கூரையின் கீழ்த் தங்கலாகாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கலாகாது, அவர் எழுதிய எதையும் படிக்கலாகாது. கடுமையான சாபங்களோடு கூடிய அந்த ஆணை, அவர் கூறிய கருத்துக்கள் இன்னவை என்று விளக்கவில்லை. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று. உடன்பிறந்தார், கடை, பழகிய தெரு அனைத்தும் ஒரே நாளில் அயலாயின.

ஆணையிட்ட பெரியவர்களைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது, அது நீதியாகாது. நெருப்பினின்று தப்பி வந்த மக்கள் அவர்கள். நாட்டு மதத்தைப் பழிக்கலாகாது என்ற நிபந்தனையோடு நகராட்சி அவர்களுக்கு நிழல் தந்திருந்தது. நம்முள் ஒருவன் கடவுளை மறுக்கிறான் என்ற பேச்சு வெளியே பரவினால், அந்நிழல் போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அன்றியும், பெரும்பாடுபட்டு மீட்ட ஆசாரம் தம் கண்முன்னே குலைவதைக் காண அவர்கள் மனம் பொறுக்கவில்லை. அவர்களது அச்சத்தில் நியாயம் இருந்தது; அந்த அச்சம் வழங்கிய தீர்ப்பில் இல்லை.

கண்ணாடி தேய்த்த கை

விலக்கப்பட்டவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பலாம். அல்லது கிறிஸ்தவ சபை ஒன்றிற் சேரலாம். அக்காலத்து ஐரோப்பாவில் மூன்றாம் வழி ஒன்று இருந்ததாக எவரும் எண்ணவில்லை. ஸ்பினோசா அந்த மூன்றாம் வழியிற் சென்றார். குருமார் இல்லாமல் கூடி வேதம் படித்துவந்த கொலேஜியன்ட்கள் என்னும் எளிய கிறிஸ்தவர்கள் அவருக்கு நண்பராயினர். 1661-இல், லைடன் நகரை அடுத்த ரைன்ஸ்புர்க் கிராமத்தில், அவர்களிடையே ஒரு சிறு வீட்டில் தங்கினார். அவர்கள் அன்பை ஏற்றார். அவர்கள் மதத்தில் சேரவில்லை. பின்னர் 1663 முதல் வோர்புர்க் கிராமத்திலும், 1670 முதல் ஹேக் நகரிலும் வாழ்ந்தார்.

நுண்பெருக்கி, தொலைநோக்கி ஆகியவற்றுக்கு வேண்டிய கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்பது அவர் மேற்கொண்ட கைத்தொழில். தக்க வளைவுள்ள உலோகத் தட்டில் பொடியைத் தூவி, கண்ணாடித் துண்டை அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். பிறகு நுண்ணிய பொடியால் மெருகேற்ற வேண்டும். கை சற்றே பிழைத்தாலும் காணும் உரு மங்கிவிடும். அவர் செய்த வில்லைகளின் மெருகைப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹைகன்ஸ் வியந்து பாராட்டினார். பகலிற் கண்ணாடியைத் தெளிவித்த அதே பொறுமையோடு இரவிற் கருத்துக்களைத் தெளிவித்தார் ஸ்பினோசா.

அவரது உணவும் உடையும் மிக எளியவை. பாற்கஞ்சியும் சிறிது வெண்ணெயுமாகச் சில நாட்கள் கழிந்தன. செல்வ நண்பரான சைமன் டி வ்ரீஸ் இரண்டாயிரம் கில்டர் கொடுக்க முன்வந்தபோது வேண்டாமென்றார். அந்நண்பர் தம் சொத்துக்கே அவரை உரிமையாளராக்க நினைத்தபோது, சொந்தத் தம்பி இருக்க அது முறையன்று என்று தடுத்தார். பின்னர் அத்தம்பி ஆண்டுக்கு ஐந்நூறு கில்டர் அளிக்க வந்தபோது, முந்நூறே போதும் என்று குறைத்துக்கொண்டார். அவர் வரலாற்றை முதலில் எழுதியவர்களுள் ஒருவரும், அவர் கொள்கைகளை வன்மையாக வெறுத்தவருமான கொலேருஸ் என்னும் லூத்தரன் போதகரே இச்செய்திகளைப் பதிவு செய்திருக்கிறார்.

அவர் கண்ட கடவுள்

1670-இல் இறையியலும் அரசியலும் பற்றிய நூலொன்றைத் தம் பெயரின்றி வெளியிட்டார். வேதத்தை, அது எழுதப்பட்ட மொழியையும் காலத்தையும் கொண்டே ஆராய வேண்டும். அதன் சாரம் நீதியும் பிறரிடத்து அன்பும் மட்டுமே. எண்ணவும் எண்ணியதைக் கூறவும் மக்களுக்கு உரிமை அளிப்பதால் நாட்டின் அமைதி கெடாது என்பன அதன் முடிபுகள். 1674-இல் அந்நூல் தடை செய்யப்பட்டது.

அவருடைய தலைசிறந்த நூல் அறவியல். யூக்ளிடின் வடிவ கணிதம்போல் வரையறை, தேற்றம், நிரூபணம் என்று ஐந்து பகுதிகளாக அமைந்தது. உலகுக்கு அப்பால் அரியணையில் வீற்றிருந்து பரிசும் தண்டனையும் வழங்கும் அரசர் அல்லர் கடவுள். உள்ள பொருள் ஒன்றே. அதுவே கடவுள், அதுவே இயற்கை. நாம் காண்பன யாவும் அதனுள் அடங்கியவை. அச்சமும் பகையும் மனிதனை அடிமையாக்குகின்றன. காரணங்களை உணர உணர அவன் விடுதலை பெறுகிறான். அந்த உணர்வு முதிர்ந்தவிடத்து இறைவன்பால் அன்பு தோன்றும். அவ்வன்பு கைம்மாறு வேண்டாதது. கடவுள் தன்னைத் திரும்ப நேசிக்க வேண்டும் என்றுகூட எதிர்பாராதது. இதைப் படிக்கும் நம்மவர்க்கு வேதாந்தம் நினைவுக்கு வருதல் இயல்பே. மாக்ஸ் முல்லரும் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பேசியுள்ளார்.

திறந்த கதவுகள்

ஒதுக்கப்பட்டவரைத் தேடி வாய்ப்புக்களும் வந்தன. 1673-இல் ஹைடெல்பர்க் பல்கலைக் கழகத்தின் தத்துவப் பேராசிரியர் பதவி வந்தது. நாட்டு மதத்திற்கு ஊறு நேராதபடி நடந்துகொள்வார் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அதனோடு இணைந்திருந்தது. அந்த எல்லை எங்கே முடியும் என்று தமக்குத் தெரியவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்து, அதனை மறுத்தார். 1675-இல், முன்பு பழகிய ஆல்பர்ட் பர்க் என்னும் இளைஞர் கத்தோலிக்கராகி, அவரையும் வருமாறு கடிதம் எழுதினார். புனித வாழ்வு எந்த ஒரு திருச்சபைக்கும் தனியுரிமை அன்று என்பது அவர் விடையின் கருத்து.

ஆனால் பிறருடைய நம்பிக்கையை அவர் இகழ்ந்ததில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் பெரிதும் போற்றத்தக்கது. ஹேக் நகரில் அவர் குடியிருந்தது வான் டெர் ஸ்பைக் என்னும் ஓவியர் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும் அக்குடும்பத்தாரிடம் அன்றைய பிரசங்கத்தைப் பற்றிக் கேட்பார். அதில் உள்ள நல்லதை எடுத்துக் கூறுவார். குழந்தைகளைத் தவறாமல் வழிபாட்டுக்குச் செல்லுமாறு சொல்வார். ஒரு நாள் வீட்டுக்கார அம்மையார், தம் மதத்தில் இருந்தே தாம் கடைத்தேற முடியுமா என்று கேட்டார். ஐரோப்பா முழுவதும் நாத்திகர் என்று தூற்றிய அம்மனிதர், உங்கள் மதம் நல்லதே, அமைதியான நல்வாழ்வு வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்று ஆறுதல் கூறினார்.

பொறுமையாளரேயாயினும் அவர் உணர்ச்சியற்றவர் அல்லர். 1672 ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரத்துக் கும்பல் ஒன்று, நாட்டை ஆண்ட யான் டி விட்டையும் அவர் தமையனாரையும் கொடூரமாகக் கொன்றது. அக்கொலையைக் கண்டிக்கும் அறிவிப்பை அவ்விடத்திலேயே ஒட்டிவிடப் புறப்பட்டார் ஸ்பினோசா. வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரைக் காத்தார்.

மறைவும் புகழும்

1675-இல் அறவியலை அச்சிட ஆம்ஸ்டர்டாம் சென்றார். கடவுள் இல்லை என்று நிறுவும் நூல் ஒன்று வரப்போகிறது என்ற வதந்தி பரவவே, கையெழுத்துப் பிரதியோடு திரும்பி வந்தார். நுரையீரல் நோய் நெடுநாளாக அவரை வாட்டியது. கண்ணாடித் தூளும் அதை வளர்த்திருக்கலாம். 1677 பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், தம் நாற்பத்து நான்காம் வயதில் அமைதியாக உயிர் நீத்தார். எழுத்துக்கள் அடங்கிய மேசையை அவர் சொற்படியே வீட்டுக்காரர் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளருக்கு அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் நண்பர்கள் அவற்றை அச்சிட்டனர். ஆசிரியர் பெயரின் முதலெழுத்துக்கள் மட்டுமே நூலில் இருந்தன. அதுவும் மறு ஆண்டே தடை செய்யப்பட்டது.

காலம் மாறியது. கெதே அவர் நூலில் மன அமைதி கண்டார். 1929-இல், கடவுளை நம்புகிறீர்களா என்று நியூயார்க் நகரத்து யூதகுரு ஒருவர் தந்தி வாயிலாக வினவியபோது, ஐன்ஸ்டைன் ஸ்பினோசாவின் கடவுளையே நம்புவதாக விடையிறுத்தார். இரண்டாயிரம் கில்டரை மறுத்தவரின் உருவத்தை ஹாலந்து நாடு 1972-இல் தன் ஆயிரம் கில்டர் நோட்டிலே பொறித்தது. எனினும் விலக்காணை மட்டும் நீக்கப்படவில்லை. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் அறிஞர் கூடி அதுபற்றி விவாதித்த பொழுதும், அச்சமூகத்தின் தலைமைக் குரு அதை நீக்க இசையவில்லை.

நம் காலனிகளிலும் பூஜைக்கும் பஜனைக்கும் தவறாமல் வருவோர் உண்டு. எதற்கும் வாராதோரும் உண்டு. வாராதவரைப் பக்தியற்றவர் என்று தீர்ப்பளிக்குமுன், ஆம்ஸ்டர்டாம் பெரியவர்களை நாம் நினைத்துக்கொள்வோமாக. வாராதவரும், கூடிப் பாடும் அன்பர்களை எளியர் என்று எண்ணுமுன், அந்த வீட்டுக்கார அம்மையாருக்குக் கிடைத்த விடையை நினைத்துக்கொள்வாராக. இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் இடமாகவே நம் சங்கம் என்றும் விளங்குக!