தனக்குத்தானே தண்டம் விதித்துக்கொண்ட பாபி ஜோன்ஸ்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தை நம்மில் பலர் செய்தித்தாள் படங்களில் மட்டுமே கண்டிருப்போம். பரந்த புல்வெளியில் சிறு பந்தொன்றை மட்டையால் அடித்து, நெடுந்தொலைவிலுள்ள குழியில் வீழ்த்துவதே ஆட்டம். பதினெட்டுக் குழிகள் கொண்டது ஒரு சுற்று. பெரும் போட்டிகளில் நான்கு சுற்றுகள், அதாவது 72 குழிகள் ஆட வேண்டும். எவர் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். ஆடுகளமோ நூறு ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடப்பது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பின்னும் நடுவர் ஒருவர் நடந்து செல்ல இயலாது. ஆகவே தன் பிழையைத் தானே கண்டு, தானே சொல்லி, தானே தண்டம் ஏற்பது இவ்வாட்டத்தின் அடிப்படை நெறியாயிற்று. இந்நெறி ஒரு மனிதரிடம் எவ்வளவு தூரம் வேரூன்ற முடியும் என்பதை அறிய விழைவோர் பாபி ஜோன்ஸ் அவர்களின் வாழ்க்கையைப் பயிலலாம்.

இராபர்ட் டயர் ஜோன்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜார்ஜியா மாநிலத் தலைநகராகிய அட்லாண்டாவில் 1902 மார்ச் 17 அன்று பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பிறந்தது முதற்கொண்டு நோயால் வாடிய குழந்தை. ஐந்து வயது வரை கெட்டியான உணவு எதையும் உட்கொள்ள இயலாதிருந்தார் என்பர். காற்றோட்டமான இடம் நன்மை தரும் எனக் கருதிய பெற்றோர், கோடைக்காலங்களில் ஈஸ்ட் லேக் என்னும் கோல்ஃப் மைதானத்தின் அருகே குடியேறினர். அங்கே பணியாற்றிய ஸ்டூவர்ட் மெய்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பந்தடிக்கும் பாங்கைத் தூர நின்று பார்த்துப் பார்த்தே சிறுவன் அக்கலையைக் கற்றான். முறையாக அமர்ந்து பாடம் கேட்டவன் அல்லன். பதினான்காம் வயதில், 1916-இல், அமெரிக்க அமெச்சூர் போட்டியில் கலந்துகொண்டு, இரு ஆட்டங்களில் வென்று காலிறுதி வரை முன்னேறினான். நாடே வியந்தது.

திறமை வந்த அளவிற்கு அடக்கம் வரவில்லை. இதனைப் புகழ்மாலை சூட்டுவோர் விரைந்து கடந்துவிடுவர். நான் சற்றே நின்று பார்க்க விரும்புகிறேன். ஓர் அடி பிழைத்தால் மட்டையை வீசி எறிவது இளைஞர் ஜோன்ஸின் வழக்கமாயிருந்தது. 1921-ஆம் ஆண்டு, கோல்ஃபின் தாயகமெனப் போற்றப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றில் அவருக்கு எதுவும் கைகூடவில்லை. 11-ஆம் குழியில் பந்து மணற்பள்ளத்தில் சிக்கியது. வெறுப்புற்ற அவர் போட்டியைக் கைவிட்டார். மதிப்பெண் அட்டையைக் கிழித்தெறிந்தார் என்றும் கூறுவர். அதே ஆண்டு தம் நாட்டில் நடந்த போட்டியொன்றில் அவர் வீசிய மட்டை பார்வையாளராக நின்ற பெண்மணி ஒருவரின் காலில் பட்டது. சினத்தை அடக்காவிடில் இனி எப்போட்டியிலும் இடமில்லை என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் கடுமையாக எச்சரித்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

அதன்பின் அவரிடம் நேர்ந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. விளையாட்டுடன் கல்வியையும் அவர் விடவில்லை. 1922-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியலிலும், 1924-இல் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியத்திலும் பட்டம் பெற்றார். பின்னர் எமரி பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலத் தொடங்கி, படிப்பு முடியுமுன்பே வழக்கறிஞர் தேர்வில் தேறினார். 1923-இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை முதன்முறையாக வென்றார். 1924-இல் மேரி மலோன் என்பவரை மணந்தார்.

இனி நாம் காணவேண்டுவது 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மாசாசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் அமெரிக்க ஓபன் போட்டி. முதற்சுற்றில் 11-ஆம் குழியை நெருங்கிய ஜோன்ஸின் பந்து, மேட்டுச் சரிவில் நீண்டு வளர்ந்த புல்லிடையே தங்கியிருந்தது. அடிப்பதற்காக மட்டையைப் பந்தின் பின்னே வைத்தார். மட்டை புல்லில் உராய்ந்தது; புல் அசைந்தது; பந்தும் இம்மியளவு நகர்ந்தது. உடன் ஆடிய புகழ்மிக்க வீரர் வால்டர் ஹேகன் அதனைக் கண்டிலர். அதிகாரிகள் கண்டிலர். சூழ நின்ற மக்களிலும் எவரும் கண்டிலர். பந்து நகர்ந்தது என்பதற்கு உலகில் ஒரே சாட்சி, அதனால் இழப்புக்குள்ளாகும் அம்மனிதர் மட்டுமே. தண்டம் வேண்டியதில்லை என்று மற்றோர் எடுத்துரைத்தும் அவர் உடன்படவில்லை. ஓரடி தண்டம் தம் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்றார், சேர்க்கப்பட்டது. 76 ஆக இருந்திருக்க வேண்டிய அச்சுற்று 77 ஆயிற்று.

அடுத்த இரு சுற்றுகளையும் எழுபது எழுபது அடிகளிலும், இறுதிச் சுற்றை 74 அடிகளிலும் முடித்தார். மொத்தம் 291. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கிய வில்லி மெக்ஃபார்லேனும் அதே 291. இருவரும் சமமாக நின்றமையால் மேலும் 18 குழிகள் ஆடினர். அதிலும் இருவரும் 75. மீண்டும் 18 குழிகள். மெக்ஃபார்லேன் 72, ஜோன்ஸ் 73. ஓரடியில் பட்டம் கைநழுவிப் போயிற்று.

அந்தத் தண்ட அடி இல்லையேல் 290 அடிகளில் நேரே வென்றிருப்பாரே என்று அன்று முதல் இன்று வரை கணக்கிட்டுக் காட்டாதவர் இல்லை. எண் கணக்கு சரிதான். ஆனால் தண்டம் ஏற்றது முதற்சுற்றில். அதன்பின் மூன்று சுற்றுகள் எஞ்சியிருந்தன. முன்னே நிற்பவன் ஆடும் ஆட்டம் ஒன்று, பின்தங்கியவன் ஆடும் ஆட்டம் வேறொன்று. ஓரடி குறைந்திருந்தால் மற்றவை யாவும் அப்படியே நடந்திருக்கும் என்று எவரால் உறுதி கூற இயலும்? தண்டத்தை ஏற்ற கணத்தில் ஜோன்ஸுக்கும் அதன் விலை தெரியாது. அது ஒரு பட்டத்தையே விழுங்கக்கூடும், ஒன்றுமே ஆகாமலும் போகக்கூடும். விலை தெரியாமலே கொடுக்க இசைந்தார் என்பதே என் மனத்தில் நிற்கிறது. பின்னாளில் இதற்காகத் தம்மைப் பாராட்டியவர்களிடம் அவர் மகிழ்ச்சி காட்டவில்லை. விதிப்படி ஆடியதில் பாராட்டுக்கு இடமில்லை என்பதே அவர் கருத்து.

மறு ஆண்டு, 1926-இல், ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் சையோட்டோ மைதானத்தில் அதே போட்டி. இரண்டாம் சுற்றில் 15-ஆம் குழியின் அருகே, குழியைச் சூழ்ந்த வழவழப்பான புல்தளத்தில் பந்து இருந்தது. பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. உருட்டு மட்டையைத் தரையில் ஊன்றிக் குறி பார்த்தபின் அதை உயர்த்திய வேளையில் பந்து காற்றில் அரைச் சுற்று உருண்டது. இம்முறையும் பிறர் எவரும் காணவில்லை. இம்முறையும் தாமே சொல்லித் தண்டம் ஏற்றார். அச்சுற்றில் 79 அடிகள் ஆயின. ஆயினும் மொத்தம் 293 அடிகளில் முடித்து, 294 எடுத்த ஜோ டர்னீசாவை ஓரடியில் வென்றார். முதலாண்டு ஓரடியில் தோல்வி, மறு ஆண்டு ஓரடியில் வெற்றி. தண்டம் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

காற்று உருட்டிய பந்துக்கு ஆட்டக்காரர் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. பந்து கிடந்தவாறே ஆடப்பட வேண்டும் என்பது இவ்வாட்டத்தின் மூலவிதி. அடிப்பதற்கென நின்று மட்டையை ஊன்றிய பிறகு பந்து அசைந்தால், அதை அசைத்தது காற்றா கையா என்று பிரித்தறிதல் அரிது. ஆகவே ஆட்டக்காரரே காரணம் எனக் கொள்வது பழைய விதி. பின்னர் வந்தோர் இதன் கடுமையை உணர்ந்தனர். அவரால் பந்து நகரவில்லை என்பது ஏறத்தாழ உறுதியானால் தண்டமில்லை என 2012-இல் விலக்கு அளித்தனர். 2016-இல் ஆட்டக்காரரையே காரணமாகக் கொள்ளும் ஊகத்தையே நீக்கினர். 2019-இல் விதிகள் முழுவதும் திருத்தி எழுதப்பட்டபோது, குழியைச் சூழ்ந்த புல்தளத்தில் தற்செயலாகப் பந்து நகர்ந்தால் தண்டமில்லை என்பது நிலைபெற்றது. பந்து நின்ற இடத்திலேயே சற்று ஆடி மீண்டும் அங்கேயே அமைந்தால் அது நகர்ந்ததாகவே கொள்ளப்படுவதில்லை. இடம் பெயர்ந்து வேறிடத்தில் நின்றால்தான் நகர்வு. ஆக, இன்றைய விதிப்படி 1926-இல் ஜோன்ஸுக்குத் தண்டம் இராது. 1925-இல் நடந்ததோ வேறு. புல்தளத்திற்கு வெளியே, தம் மட்டை பட்ட புல்லால் பந்து நகர்ந்தது என்று ஆட்டக்காரரே அறிந்திருக்கும்போது, இன்றும் ஓரடி தண்டம் உண்டு; பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆட வேண்டும். அதனை வேறெவரும் காணாதபோது சொல்ல வேண்டியவரும் அன்று போல் இன்றும் அவரேதான்.

1930-ஆம் ஆண்டு ஜோன்ஸின் வாழ்வில் உச்சம். அவ்வொரே ஆண்டில் பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓபன், அமெரிக்க ஓபன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய நான்கு பட்டங்களையும் வென்றார். அதுவரை எவரும் செய்திராத செயல் அது. 1923 முதல் எட்டு ஆண்டுகளில் அவர் ஈட்டிய பெரும் பட்டங்கள் 13. இவை யாவற்றையும் பரிசுப் பணம் பெறாத அமெச்சூராகவே ஈட்டினார். அவ்வாண்டு நவம்பரில், இருபத்தெட்டாம் வயதில், போட்டிகளினின்று விலகினார்.

விலகிய முறையிலும் பழைய குணமே தெரிகிறது. கோல்ஃப் கற்பிக்கும் திரைப்படங்களில் ஊதியம் பெற்று நடிக்க அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அது அமெச்சூர் விதியை மீறுமா மீறாதா என்பது ஐயத்திற்குரியது; இருபுறமும் வாதாட இடமுண்டு என்பதை வழக்கறிஞராகிய அவர் நன்கறிவார். எனினும் அவ்விதியின் உள்ளுணர்வுக்கு அது பொருந்தாது என்று தாமே தீர்ப்பளித்து, அமெச்சூர் நிலையை விட்டுக்கொடுத்தார். ஐயம் நேர்ந்தபோது தமக்கு எதிராகவே முடிவு கட்டும் வழக்கம் அவரை விட்டு அகலவில்லை.

பின்னர் ஆகஸ்டா நகரில் புதிய மைதானம் ஒன்றை நண்பர்களுடன் அமைத்தார்; இன்று மாஸ்டர்ஸ் எனப் பெயர்பெற்ற போட்டி அங்கே 1934-இல் தொடங்கிற்று. அக்கழகம் 1990 வரை கறுப்பினத்தவர் எவரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவ விமானப் படையில் அதிகாரியாகப் பணிபுரிந்து, 1944 ஜூனில் நார்மண்டியில் படையிறங்கிய மறுநாள் அக்கரையில் கால்வைத்தார்.

1948-இல் கைகால்களில் நோய் வெளிப்பட்டது. சிரிங்கோமைலியா என்னும் முதுகுத்தண்டு நோய் அது. மெல்ல மெல்ல உடலின் வலிமையை அரிப்பது. அவ்வாண்டுக்குப் பின் அவர் மட்டை ஏந்தவில்லை. முதலில் ஊன்றுகோல், பிறகு சக்கர நாற்காலி. இருபதாண்டுகளுக்கு மேல் இந்நிலையில் வாழ்ந்தார். இளமையில் ஓரடி பிழைத்ததற்கே மட்டையை வீசியவர், இத்துன்பத்தைப் பற்றிப் பிறரிடம் முறையிடுவதைத் தவிர்த்தார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரை மறக்கவில்லை. ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறிய அதே ஊரில் 1927-இல் அவர் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்று, கோப்பையை அங்கேயே வைத்துக்கொள்ளுமாறு வேண்டிக்கொண்டிருந்தார். 1958-இல் அந்நகரம் அவருக்கு நகரின் சுதந்திரர் என்னும் சிறப்பை வழங்கியது. அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒருவரே, அது 1759-இல். நோயுற்ற உடலுடன் மேடையில் நின்று ஜோன்ஸ் நன்றி கூறியபோது அரங்கில் இருந்தோர் பலர் கண்ணீர் மல்கினர்.

1971 டிசம்பர் 18 அன்று அட்லாண்டாவில் அவர் மறைந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 10-ஆம் குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1921-இல் அவர் வெறுப்புற்றுக் கைவிட்டது அதற்கு அடுத்த குழியை.