லாக் எழுதச் சொன்ன ஜிம் கிரே

டேட்டாபேஸ் என்றாலே எல்லோரும் எட்கர் காட் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தவர் ஜிம் கிரே. 1944-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1969-ல் பெர்க்லியில் டாக்டர் பட்டம். அப்புறம் ஐ.பி.எம். வேலை. அங்கே 'சிஸ்டம் ஆர்' என்ற ரிலேஷனல் டேட்டாபேஸை உருவாக்கிய குழுவில் அவர் மண்டையைக் குடைந்த கேள்வி: பாதி வேலையில் கரண்ட் போனால் என்ன கதி?

ஒரு கணக்கில் பணம் கழித்தாச்சு, இன்னொன்றில் ஏற்றவில்லை. ராத்திரி டேப்பில் எடுத்த பேக்கப் இருக்கே என்பீர்கள். அதைப் போட்டால் காலையிலிருந்து நடந்ததெல்லாம் போச்சு! டிஸ்க்கில் டேட்டாவை மாற்றுமுன் அந்த மாற்றத்தை லாக்கில் எழுதிவிட வேண்டும் என்ற முறையை 1978-ல் வெளியான குறிப்புகளில் கிரே விளக்கினார். பேக்கப்பை ஏற்றி, அதற்குப் பிந்திய லாக்கை ஓட்டினால் முடிந்த வேலை திரும்ப வரும், முடியாதது ரத்தாகும். லாக்கையும் டேட்டாவையும் ஒரே டிஸ்க்கில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். நம்மாட்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

1998-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரி 28-ல், தாயின் அஸ்தியைக் கரைக்கப் பாய்மரப் படகில் தனியாக ஃபாரலான் தீவுகளுக்குப் புறப்பட்டார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. நண்பர்களும் விடவில்லை, சாட்டிலைட் படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தார்கள். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. 2012-ல் கோர்ட் அவரை இறந்தவராக அறிவித்தது.