சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆன்ம விசாரமும்

யான் யார், இவ்வுடம்பு எடுக்குமுன் எங்கிருந்தேன், நாட்கள் கழியுங்கால் என்னுள்ளே கழியாது நிற்பது யாது என்னும் வினாக்கள் செல்வமும் ஓய்வும் உடையார்க்கே உரியன என்று எண்ணுவார் பலர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அமையும், தத்துவம் எதற்கு என்று எம்மையே வினாவினாரும் உளர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிற் சமய பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆன்மா என்றும் உள்ளது, பிறப்பதும் இறப்பதும் உடம்பே என்று யாம் உரைத்தபோது ஒரு சிறுவன் எழுந்து நின்றான். முதல்நாள் கொழுந்து நிறை குறைந்தமையால் அவன் தாய்க்கு அரைப்பேரே விழுந்ததாம். ஆளுக்கு அரைப்பேர் எனின் உள்ளிருக்கும் உயிரும் அரைதானோ என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. எமக்கோ விடை கூற வாயெழவில்லை. அன்றிரவு எம் நினைவில் வந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். ஆசிரியர்களாகிய நாம் அறிந்து பயன்கொள்ளத்தக்க அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவிய பொன்னம்பல முதலியார். தமையனார், அவ்வாலயத்தைப் பின்னர்க் கருங்கற்றிருப்பணியாகச் செய்வித்த சேர் பொன். இராமநாதன். கொழும்பு அக்கடமியிற் பயின்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிற் கற்றுத் தேறி, 1875ஆம் ஆண்டு இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்தார். பகிரங்கப் போட்டிப் பரீட்சை வாயிலாக அச்சேவையை அடைந்த முதல் இலங்கையர் இவரே. மிஷன் பாடசாலையிற் பயின்ற யாம், ஆங்கிலக் கல்வி பிள்ளைகளைச் சைவத்தினின்றும் பிரித்துவிடும் என்று எம் முதியோர் அஞ்சியதை அறிவோம். அருணாசலம் அவர்களோ அக்கல்வியைக் கரைகண்டும் திருவாசகத்தை மறவாது, அதன் பகுதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்து மேனாட்டார்க்கும் அளித்தார்.

பதிவாளர் நாயகமாக இவர் பல்லாண்டு பணிபுரிந்தார். பிறப்பு, இறப்பு, காணியுறுதி என்பவற்றின் பதிவேடுகள் இவர் காலத்தில் ஒழுங்குபெற்றன. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் இவரே. அம்மதிப்பில் இத்தீவின் மக்கள் 3,565,954 பேர் என்று கண்டனர். லயங்களில் வதிந்த எம் முன்னோரும் அத்தொகையுள் அடங்குவர். மாந்தர் தோன்றிய நாளையும் மறைந்த நாளையும் ஏட்டிற் பதிவித்த இப்பெரியாரே, தோன்றாமலும் மறையாமலும் உள்ள பொருள் யாதென்று வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர்.

தஞ்சையைச் சேர்ந்த இராமசுவாமி என்னும் ஞானாசாரியரை இவர் குருவாகக் கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் இவர்க்கு நண்பராகிய எட்வேர்ட் கார்ப்பென்ரர் என்னும் ஆங்கில அறிஞர், இவர் அனுப்பிய பகவற்கீதையாற் கவரப்பட்டு 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, அந்த ஞானாசாரியரிடம் பாடங்கேட்டார். எண்ணத்தை வேண்டுழி எழுப்பவும் வேண்டாவுழி ஒடுக்கவும் வல்லவனே தன்னை அறிவான் என்பது அவர் கேட்ட உபதேசத்தின் சாரம். சிவனொளிபாதமலையிலும் ஏறிச்சென்ற அவர், தம் யாத்திரையை 1892ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஞானவிசாரம்பற்றி அருணாசலம் அவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள், அருணாசலம் அவர்கள் மறைந்தபின் 1927ஆம் ஆண்டு அச்சேறின.

இனி, காலத்தைப்பற்றிச் சித்தாந்தம் கூறுவதை ஈண்டு நினைவிற் கொள்வோம். முப்பத்தாறு தத்துவங்களுள் காலமும் ஒன்று. வித்தியாதத்துவம் ஏழனுள் அடங்குவது. ஆகவே காலம் ஆன்மாவுக்கு வாய்த்த கருவியேயன்றி ஆன்மாவை ஆளும் தலைமை உடையதன்று. ஒருவன் தன் ஒரு நாட்பொழுதைக் கூலிக்கு விற்கலாம். தன்னை விற்றல் இயலாது. இவ்வேறுபாட்டை மலைநாட்டு வழக்கோடு ஒப்பிட்டு நோக்குக. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைப்படுதற்குரியன் ஆயினான். கடன் தீர்ந்ததற்குத் துண்டு பெறாதவனை வேறு தோட்டத்தார் ஏற்கார். புதிய தோட்டத்தார் பழைய கடனைக் கட்டி அவனை ஏற்பின், அக்கடன் அவனையே தொடர்ந்தது. விற்றது பொழுதேயாயினும் கட்டுண்டது ஆள்!

அருணாசலம் அவர்கள் 1913ஆம் ஆண்டு உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றார். வயது அறுபது. ஞானநூல்களோடு தனித்திருத்தற்கு உரிய பருவம், செல்வத்துக்கும் குறைவில்லை. அவர் அவ்வாறிருந்திலர். 1915ஆம் ஆண்டு சமூகசேவைச் சங்கத்தை அமைத்தார். 1919ஆம் ஆண்டு இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவரானார். அவ்வாண்டிலேயே பெரி. சுந்தரம் அவர்களோடு சேர்ந்து தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, துண்டு முறைக்கும் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளுக்கும் எதிராக வழக்காடினார். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு ஒழிந்தது. அவருடன் உழைத்த பெரி. சுந்தரம் அவர்கள் 1931ஆம் ஆண்டு ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாகித் தொழில் மந்திரியும் ஆயினார். அதனைக் காண அருணாசலம் அவர்கள் இலர். 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆம் நாள், தலயாத்திரை சென்றவிடத்து, மதுரையிற் சிவபதம் எய்தினார்.

ஒன்றை மறைத்தல் ஆகாது. அவர் கொழும்பிற் பிறந்த செல்வர். கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தம் முதுகில் அறிந்தவரல்லர். துண்டு ஒழிந்த அளவில் துன்பம் ஒழிந்ததுமன்று. குடிசன மதிப்பில் எண்ணப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடிகளாக எண்ணப்படாராயினர். எஞ்சிய குறை நீங்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருந்தனர். ஆயினும், ஆன்மாவைப்பற்றிச் சிந்தித்தவர் ஆளைப்பற்றியும் சிந்தித்தாக வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

மறுநாள் அச்சிறுவனை அழைத்து விடை கூறினோம். செக்றோலில் அரையாக எழுதப்பட்டது உன் தாயின் ஒரு நாட்பொழுது, அவள் அல்லள். அவள் உயிரை அரையாக்கவும் காலாக்கவும் எந்த ஏட்டுக்கும் வலியில்லை என்றோம். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, அப்படியாயின் அரைப்பேர் போட்டது சரியா என்று மீண்டும் வினாவினான். முதல் வினாவினும் இதுவே பெரிது என்று யாம் உணர்ந்தோம்.

சைவ ஆசிரியர்காள்! ஆன்மா நித்தியம் என்னும் மெய்யைப் பசித்தவன் வாயை அடக்குதற்குக் கருவியாக்குதல் சைவமன்று. அம்மெய்யைக் கற்ற பிள்ளை தன்னை அரையாக மதிப்பார்முன் நிமிர்ந்து நிற்றல் வேண்டும். பிறரைத் தான் அரையாக மதியாமையும் வேண்டும். இவ்விரண்டும் விளையுமாயின், தோட்டத்துப் பிள்ளைக்குத் தத்துவம் எதற்கு என்னும் வினாவுக்கு நம் மாணாக்கரே விடையாவர்.