மீண்டும் கல்லூரி வாயிலில்: ஓட்டவீரர் ஜெசி ஓவென்ஸ்

கற்றற்குக் காலவரையறை இல்லை என்பது ஆன்றோர் கொள்கை. மேடைதோறும் நாம் அதனை எடுத்தோதுகின்றோம், மாணாக்கர்க்கும் உபதேசிக்கின்றோம். ஆயின், இடையிலே கைவிட்ட கல்வியை ஆண்டுகள் சில கழிந்தபின் மீண்டும் தொட்டு முடித்தல் எத்துணை அரிய செயல் என்பதை அம்முயற்சியில் இறங்கியவரே அறிவர். விளையாட்டைச் சீவனோபாயமாகக் கொண்டு பாதியிற் கல்லூரியை விட்டகன்ற வீரர்கள் பின்னர் மீண்டு வந்து பட்டம் பெறுதல் இன்று அமெரிக்க நாட்டிற் புதுமையன்று. கூடைப்பந்து வீரர் ஷக்கீல் ஓநீல் 1992 இல் விட்டுச் சென்ற படிப்பை 2000 இல் முடித்துப் பட்டதாரியானமை பலரும் அறிந்ததே. அவர் வந்த பாதை ஒருவாறு செப்பனிடப்பட்ட பாதை. அதற்கு அறுபது ஆண்டுகட்கு முன், செப்பனிடாத அதே பாதையில் வெறுங்காலுடன் நடந்து வந்த ஒருவர் உளர். உலகம் அவரை நான்கு பொற்பதக்கங்களால் நினைவு கூர்கின்றது. நாம் இங்கே அவருக்குக் கிட்டாத பொருளொன்றைக் கொண்டு அவரை நினைவு கூர்வோம்.

ஜேம்ஸ் கிளீவ்லண்ட் ஓவென்ஸ் 1913 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆந் திகதி, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், ஓக்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பாட்டனார் அடிமையாய் வாழ்ந்தவர். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்துக்குச் செய்து பருத்தி விளைவித்தவர். பத்துப் பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. சுவாச நோயால் அடிக்கடி நலிவுற்ற இப்பிள்ளை பிற்காலத்தில் உலகின் அதிவேக மனிதன் எனப் பெயர் பெறுவான் என்று அக்குடிசையில் எவரும் எண்ணியிரார். மகனுக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் பிழைப்பு நாடி வடக்கே ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியிற் சேர்ந்த நாளில் ஆசிரியை பெயரை வினவினார். சிறுவன் தென்பகுதி உச்சரிப்பில் முதலெழுத்துக்களான ஜே. சி. என்பவற்றைக் கூற, அஃது ஆசிரியையின் செவியில் ஜெசி என விழுந்தது. அப்பெயரே இறுதிவரை நிலைத்தது.

இளமையில் ஜெசி பலசரக்குச் சுமந்தான். சரக்கு வண்டிகளில் மூட்டை ஏற்றினான். சப்பாத்துத் திருத்தும் கடையிலும் வேலை செய்தான். மாலையிற் பயிற்சி செய்ய அவனுக்கு ஓய்வில்லை. இதனை உணர்ந்தவர் சாள்ஸ் றைலி என்னும் ஆசிரியர். வெள்ளையராகிய அவர், அக்கறுப்பினச் சிறுவன் பொருட்டு விடியற்காலையிலே விளையாட்டிடத்துக்கு வந்து, பள்ளி தொடங்குமுன் பயிற்சி அளித்தார். மாணாக்கனின் வாழ்க்கை நிலையை அறிந்து தம் நேரத்தை அதற்கேற்ப மாற்றிய அவ்வாசிரியரை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓவென்ஸின் கல்வி வாழ்வில் அவ்வாறு செய்தவர் பிறிதொருவரைக் காண்டல் அரிது.

1933 இல், பாடசாலை மாணவனாய் இருக்கும்போதே, 100 யார் தூரத்தை 9.4 செக்கனில் ஓடி அன்றைய உலக சாதனையை ஜெசி சமப்படுத்தினார். கல்லூரிகள் பல அவரை விரும்பின. அவர் கொலம்பஸ் நகரிலுள்ள ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தார். அங்கே அவருக்குப் புலமைப்பரிசில் இல்லை. கறுப்பினத்தவராதலின் வளாக விடுதியில் இடமும் இல்லை. போட்டிகளுக்காகப் பிற ஊர்கட்குச் செல்லுங்கால், உடன் ஓடிய வெள்ளை மாணவர் உண்ட உணவகத்தில் அவர் உண்ணுதல் இயலாது. வயிற்றுப்பாட்டுக்காக மாநில அரச மாளிகையிற் சரக்கு ஏற்றும் மின்தூக்கியை இயக்கும் வேலையை ஏற்றார். வேலை, மாலைப் பயிற்சி, வாரந்தோறும் பயணம் என நாள்கள் கழிந்தன. இவற்றிடையே நூலைத் திறக்கும் நேரம் எஞ்சியது சிறிதே. பாடங்களிற் புள்ளிகள் குறைந்தன. கல்வியிற் பின்தங்கியோர்க்குரிய எச்சரிக்கைக்கும் அவர் ஆளானார்.

ஆனால் ஓட்டத்தில் அவருக்கு நிகர் எவரும் இலர். 1935 மே 25 ஆந் திகதி மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் நிகழ்ந்தது மெய்வல்லுநர் வரலாற்றில் ஒப்பற்றது. முதுகு வலியோடு களம் புகுந்த அவர் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துள் மூன்று உலக சாதனைகளை நிலைநாட்டி, நான்காவதைச் சமப்படுத்தினார். 100 யார் ஓட்டத்தில் 9.4 செக்கன், நீளம் பாய்தலில் 8.13 மீற்றர், 220 யார் ஓட்டத்தில் 20.3 செக்கன், 220 யார் சட்டவேலி ஓட்டத்தில் 22.6 செக்கன். அந்த நீளம் பாய்தற் சாதனை 1960 வரை இருபத்தைந்து ஆண்டுகள் முறியடிக்கப்படாது நின்றது. பயிற்றுநர் லறி ஸ்னைடரின் புகழும் பல்கலைக்கழகத்தின் புகழும் அன்று நாடெங்கும் பரந்தன.

அடுத்த ஆண்டு பேர்லின் ஒலிம்பிக். ஆரிய இனமே உயர்ந்ததெனப் பறைசாற்றிய ஹிட்லரின் தலைநகரில், 1936 ஆகஸ்ட் திங்களில், 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டம் ஆகிய நான்கிலும் ஓவென்ஸ் பொற்பதக்கம் வென்றார். நீளம் பாய்தலில் இரண்டாமிடம் பெற்ற ஜேர்மானிய வீரர் லூற்ஸ் லோங், தம் நாட்டு ஆட்சியாளரின் கண்முன்னேயே ஓவென்ஸைப் பாராட்டி நட்புப் பூண்டார். லோங் 1943 இல் சிசிலியிற் போரில் உயிர் நீத்தார். இவையெல்லாம் பலரும் பலகால் எழுதியவை, விரிக்க வேண்டுவதில்லை. அதன் பின்னர் நிகழ்ந்ததே நம் சிந்தைக்கு உரியது.

போட்டிகள் முடிந்ததும் அமெரிக்க மெய்வல்லுநர் சங்கம் தன் வரும்படிக்காக வீரர்களை ஐரோப்பிய நகரங்களில் ஓடவைத்தது. களைத்துப்போன ஓவென்ஸ் சுவீடனுக்குச் செல்ல மறுத்து வீடு திரும்ப, சங்கம் அவரைத் தடை செய்தது. ஊதியம் பெறாது ஓடுவோர்க்கான போட்டிகளின் வாயில், இருபத்திரண்டு வயதிலேயே அவருக்கு அடைபட்டது. மறுபுறம், பெருந்தொகை தருவதாக ஆசைகாட்டும் தந்திகள் வந்து குவிந்தன. படிப்பு முடியவில்லை, மனைவி றூத்தும் குழந்தையும் இருந்தனர். இந்நிலையில் அவர் தொழில்முறை வீரராகத் துணிந்தார். அவ்விலையுதிர் காலத்தில் வகுப்புகள் தொடங்கியபோது ஓவென்ஸ் கொலம்பஸில் இல்லை.

தந்திகளிற் கண்ட வாக்குறுதிகளுட் பெரும்பாலானவை வெறும் வார்த்தைகளாய் முடிந்தன. நியூயோர்க் நகரம் ஊர்வலம் வைத்து அவரை வரவேற்றது. ஆயின் அவரைக் கௌரவிக்கக் கூட்டிய விருந்துக்கே, அவர் அப்பெரிய விடுதியின் சரக்கு மின்தூக்கியில் ஏறிச் செல்ல நேர்ந்தது. மாணவப் பருவத்தில் அவர் இயக்கியதும் சரக்கு மின்தூக்கியே. ஜனாதிபதி றூஸ்வெல்ற்றிடமிருந்து ஓர் அழைப்புத்தானும் வரவில்லை. அவ்வாண்டு இறுதியிற் கியூபாவில் ஒரு குதிரையோடு பந்தயம் ஓடிக் கூலி பெற்றார். கிளீவ்லண்டிற் பிள்ளைகளின் விளையாட்டிடத்தை மேற்பார்வை செய்தார். சலவைத் தொழிலொன்றில் முதலிட்டு, 1939 இல் வங்குரோத்து நிலையை அடைந்தார். சில ஆண்டுகட்கு முன் உலகம் கொண்டாடிய கால்கள் சந்தைகளிலும் களியாட்டங்களிலும் வேடிக்கை காட்டித் திரிந்தன.

இந்நிலையிலேதான் 1940 இல், இருபத்தேழாம் வயதில், ஓவென்ஸ் மீண்டும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து வாயிலிற் காலடி வைத்தார். தாயார் அவ்வாண்டு மறைந்திருந்தார். மனைவியும் பெண்மக்கள் மூவரும் அவரை நம்பி இருந்தனர். பட்டமொன்று இருப்பின் நிலையான உத்தியோகம் கிட்டும் என்பது அவர் எண்ணம். ஸ்னைடருக்கு உதவிப் பயிற்றுநராகப் பணிபுரிந்துகொண்டே, தம்மினும் வயதில் இளையரான மாணவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து பாடங் கேட்டார். உலகமே பெயர் சொல்லி அழைத்த ஒருவர் கையிற் கொப்பியோடு வகுப்பறைக்குட் புகுதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்! பேர்லினில் ஓடுதற்கு வேண்டிய துணிவினும் அது குறைந்ததன்று என்பது நம் கருத்து.

ஆயின் மனவுறுதி ஒன்றே போதியதாகவில்லை. முன்னைய ஆண்டுகளிற் பெற்ற குறைந்த புள்ளிகள் கணக்கில் நின்று அவரை அழுத்தின. அப்போது கற்றிருக்க வேண்டிய அடிப்படைகள் கைவசம் இல்லை. குடும்பப் பாரமோ நாளுக்கு நாள் கூடியது. ஓராண்டுக்கு மேலாகப் போராடியும் பட்டத்துக்கு வேண்டிய புள்ளியை எட்ட இயலாமற் போயிற்று. 1941 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இரண்டாம் முறையாகவும் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். அதற்குப்பின் மாணாக்கராக அவர் அங்கே திரும்பவில்லை.

இத்தோல்வியை ஓவென்ஸின் தோல்வியாக மட்டும் கொள்ளுதல் நீதியாகாது. 1933 இல் அவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அவர் கால்களைப் போற்றியது. அவர் கல்வியைக் கவனித்ததா? ஓட்டத்தில் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கை அளந்தறியக் கடிகாரம் பிடித்தோர் பலர் இருந்தனர். அவர் பாடத்தில் எங்கே இடறுகின்றார் என்று அளந்தறிய அத்தகைய கடிகாரம் ஒன்றும் இருக்கவில்லை. தூங்கவும் நேரமின்றி உழைத்த மாணவன் புள்ளி குறைந்தபோது எச்சரிக்கை கிடைத்தது. உதவி கிடைத்ததாகத் தெரியவில்லை. ஓவென்ஸிடத்தும் பிழை இல்லாமலில்லை. தந்திகளை நம்பிக் கல்லூரியைத் துறந்தவர் அவரே. எனினும் வறுமையிற் பிறந்த இருபத்திரண்டு வயது இளைஞன் பொருளுக்கு ஆசைப்பட்டதைக் குற்றமென்று சாற்ற, பசியறியாதார்க்கே நா எழும்.

பின்னைய வாழ்வைச் சுருங்கச் சொல்வோம். போர்க்காலத்தில் அரசாங்கத்தின் உடற்பயிற்சித் திட்டமொன்றிலும், பின்னர் டிற்றோயிற் நகரிற் போட் மோட்டார்க் கொம்பனியிலும் பணியாற்றினார். 1949 இற் சிக்காகோவிற் குடியேறினார். 1955 இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவரை விளையாட்டுத் தூதராக நியமிக்க, இந்தியா, மலாயா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகட்குச் சென்று இளைஞரைச் சந்தித்தார். மேடைப் பேச்சாளராகவும் பெயர் பெற்றார். 1976 இல் ஜனாதிபதி போட், நாட்டின் உயர்ந்த குடியியல் விருதாகிய சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். நெடுங்காலம் புகைபிடித்தவராகிய ஓவென்ஸ், சுவாசப்பைப் புற்றுநோயால், 1980 மார்ச் 31 ஆந் திகதி அரிசோனா மாநிலத்து ரூசன் நகரிற் காலமானார். அப்போது வயது அறுபத்தாறு.

பட்டத்தின் கதை இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளால் நிறைவுறுகின்றது. 1972 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. விடுதியில் இடமளிக்காத கல்லூரி, பல ஆண்டுகட்குப் பின் அவரைக் கௌரவித்தது. அது பெருமையே, ஆயினும் உழைத்துப் பெறும் பட்டம் வேறு, உவந்து அளிக்கும் பட்டம் வேறு என்பதை இருமுறை முயன்று இழந்த அவர் நன்கு உணர்ந்திருப்பார்.

மற்றையது அதற்கும் முந்தியது. ஓவென்ஸின் மகள் மாலீன் அதே பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1960 இல் அங்கே மாணவர் விழாவின் அரசியாகத் தேர்வு பெற்றார். கறுப்பினப் பெண்ணொருத்தி அச்சிறப்பைப் பெற்றமை அக்கல்லூரியில் அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டிற் பட்டமும் பெற்றார். தந்தை இருமுறை நுழைந்து இருமுறையும் வெறுங்கையோடு வெளியேறிய அதே வாயிலால் மகள் பட்டச்சுருளோடு வெளிவந்தார்.

அஞ்சலோட்டத்திலே ஒருவன் இளைத்த இடத்தில் அடுத்தவன் கோலை ஏந்தி ஓடுகின்றான். ஓவென்ஸ் குடும்பத்துக் கல்வியும் அவ்வாறே அமைந்தது. எனினும் எல்லா வீரர்க்கும் கோலை ஏந்த ஒரு மகள் வாய்ப்பதில்லை. பள்ளிக்குக் கேடயம் வென்று வரும் மாணவனை நாம் தோளிற் சுமக்கின்றோம். மறுநாட் காலையில் அவன் கொப்பியைத் திறந்து பார்க்கின்றோமா? விடியுமுன் விளையாட்டிடம் வந்த றைலியைப் போல் அவன் பாடத்தின் பொருட்டு ஒரு மணி முந்தி வரும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், பின்னொரு நாளில் அவன் கல்லூரி வாயிலுக்குத் திரும்பி வரவேண்டிய தேவையே இராது.