சார்லி டெய்லர் – விமானத்தின் முதல் மெக்கானிக்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஒர்க்‌ஷாப்தான். முதலாண்டில் இரும்புத் துண்டைக் கொடுத்து 'வி' ஃபிட்டிங் செய்யச் சொல்வார்கள். எவ்வளவு ராவினாலும் இரண்டு துண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். கை கொப்புளித்ததுதான் மிச்சம். மெக்கானிக்கல் முடித்து, பிறகு ஏ.எம்.இ. படித்து, லைசென்ஸ் வாங்கி ஹேங்கரில் நின்றபோதுதான் அந்த அரத்தின் அருமை புரிந்தது.

இத்துறைக்கு வர ஆசைப்படும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த இன்ஸ்டிட்யூட், எவ்வளவு ஃபீஸ், எத்தனை பேப்பர் என்பதுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் சொல்வது சார்லி டெய்லரின் கதையை. ரைட் சகோதரர்களைத் தெரியாதவர் இல்லை. அவர்கள் விமானத்துக்கு இன்ஜின் செய்தவர் இவர்.

சார்லஸ் எட்வர்ட் டெய்லர் 1868 மே 24 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். சுமார் பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் சரி. பத்திரிகை ஆபீஸ் ஒன்றின் பைண்டிங் பிரிவில் வேலைக்குப் போனார். இயந்திர வேலையைச் செய்து செய்தே கற்றார். ஒஹாயோ மாநிலம் டேட்டன் நகருக்கு வந்தவர், 1901-இல் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் சேர்ந்தார். சம்பளம் மணிக்கு 30 சென்ட். அண்ணனும் தம்பியும் கிளைடர் பறக்கவிடக் கிட்டி ஹாக் போய்விட்டால் கடை முழுக்க இவர் பொறுப்பு.

1902 முடிவில் அவர்களுக்கு இலேசான ஓர் இன்ஜின் தேவைப்பட்டது. கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. டெய்லரைச் செய்யச் சொல்லிவிட்டார்கள். முறையான டிராயிங் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் துண்டுக் காகிதத்தில் வரைந்து பெஞ்சுக்கு மேலே குத்தி வைத்துக்கொள்வார். கையில் இருந்தது ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், கைக்கருவிகள், அவ்வளவே. கிராங்க் ஷாஃப்டை எப்படிச் செய்தார் தெரியுமா? சுமார் 45 கிலோ எஃகுப் பலகையில் அதன் உருவத்தை வரைந்து, கோட்டின் ஓரமாக வரிசையாகத் துளை போட்டு, உளியும் சுத்தியலும் கொண்டு வேண்டாததைத் தட்டி எடுத்து, மீதியை லேத்தில் கடைந்தார். முடிந்தபோது எடை 9 கிலோவுக்கும் குறைவு. ஆறே வாரத்தில் இன்ஜின் தயார். 1903 பிப்ரவரியில் டெஸ்டின்போது அலுமினிய கிராங்க் கேஸ் உடைந்துபோனது. புதிதாக வார்த்து மறுபடி செய்தார்கள். சுமார் 12 குதிரைசக்தி கொண்ட அந்த இன்ஜின்தான் 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட்டை 12 விநாடி, 120 அடி தூரம் தூக்கிச் சென்றது. டெய்லர் அன்று அங்கே இல்லை, டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அவருக்கும் பறக்கக் கற்க ஆசை. ரைட் சகோதரர்கள் ஊக்கம் கொடுக்கவில்லை. நல்ல மெக்கானிக்கைத் தரையிலேயே வைத்துக்கொள்ளத்தான் யாரும் நினைப்பார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

1908 செப்டம்பர் 17, ஃபோர்ட் மையர் ராணுவ மைதானம். புதிய, நீளமான புரொப்பல்லர்களைப் பொருத்தியிருந்தார்கள். ஆகாயத்தில் ஒன்று பிளந்து, வால் பகுதிக் கம்பியை அறுத்தது. விமானம் விழுந்து லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். இன்ஜின் பூட்டிய விமானத்தின் விபத்தில் பலியான முதல் மனிதர் அவர். ஆர்வில்லுக்கும் பலத்த காயம். இடிபாட்டிலிருந்து இருவரையும் இழுக்க உதவிய டெய்லர், அதே விமானத்தில் சாய்ந்து அழுதார் என்கிறார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உடைந்த பாகங்களை ஆராயப் போனார். முதன்முதலாக ஒரு விமானத்துக்குக் கையெழுத்துப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மைதானம்தான் மனதில் ஓடியது.

1911-இல் ரோஜர்ஸ் என்பவர் அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்து கடந்தார். வழியெல்லாம் விழுந்து நொறுங்கிய அந்த விமானத்தைச் சரிசெய்ய, ரயிலில் பின்தொடர்ந்த குழுவில் டெய்லரும் இருந்தார். மெக்கானிக்குக்கு லைசென்ஸ் என்ற ஏற்பாடே அங்கே 1926 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது.

கடைசிக் காலம் நன்றாக இல்லை. கலிபோர்னியாவில் நிலத்தில் போட்ட சேமிப்பு போயிற்று. 1937-இல் ஹென்றி ஃபோர்டு, பழைய ரைட் கடையை மியூசியத்துக்காகப் புதுப்பிக்க ஆளைத் தேடியபோது, டெய்லர் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று பக்கத்து மெஷின்காரருக்கே தெரியாது. 1945-இல் மாரடைப்பு. ஆர்வில் ஏற்பாடு செய்திருந்த வருடத்துக்கு 800 டாலர் விலைவாசி ஏறியதில் போதவில்லை. 1955-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரியின் தர்ம வார்டில் கிடந்தவரை ஒரு நிருபர் கண்டுபிடித்து எழுத, விமானத் துறையினர் பணம் திரட்டி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சில மாதங்கள்தான். 1956 ஜனவரி 30 அன்று, 87 வயதில் காலமானார்.

ஐம்பது வருடம் பணியாற்றிய விமான மெக்கானிக்குகளுக்கு அமெரிக்க அரசின் விமானத் துறை இன்று அவர் பெயரில்தான் விருது தருகிறது.

ரீயூனியன் அன்று மதியம் ஒர்க்‌ஷாப் பக்கம்தான் இருப்பேன். ஜூனியர்கள் தாராளமாக வரலாம், ஃபீஸ் விவரமும் சொல்கிறேன். வரும்போது நீங்கள் செய்த 'வி' ஃபிட்டிங் துண்டையும் எடுத்து வாருங்கள், பார்க்கலாம்.