மலையைக் குடைந்த மன்னன்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் மார்க்கத்தில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே பாறையொன்றைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று ஏறக்குறைய 1,400 வருஷங்களாக நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இதைச் செய்வித்தான் என்று அதன் வடமொழிச் சாசனம் அறிவிக்கிறது. பல்லவ நாட்டுக் கற்கோயில்களில் முதலாவது இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை.

விசித்திரசித்தன் என்பது சிம்மவிஷ்ணுவின் குமாரனான மகேந்திரவர்மன் பூண்ட பட்டங்களில் ஒன்று. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட இவ்வரசன் சங்கீதத்திலும் சித்திரத்திலும் ஈடுபட்டவன். மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தை இயற்றிக் காபாலிகரையும் பாசுபதரையும் பௌத்தத் துறவியையும் ஒருங்கே எள்ளியவன்.

முதலில் சமணனாயிருந்த இவன், அப்பரைத் துன்புறுத்திப் பின்னர் அவராலேயே சைவனானான் என்பது வரலாறு. அப்பால் இவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. அது மெய்யாயின், இவன் வாழ்க்கை இவனுக்குக் கற்பித்த பாடம் எளிதில் விளங்கும். அடுக்கிக் கட்டியதைப் பிரித்துவிடலாம். ஒரு மதத்தாரின் பள்ளி மற்றொரு மதத்தாரின் கோயிலுக்குச் சாமானாகிவிடும். மலையோடு ஒன்றாய் நிற்பதை அவ்வாறு பிரிக்க முடியாது. குன்றுகளின் குகைகளில் தவமிருந்த சமண முனிவரை இளமையிலேயே அறிந்தவனுக்குப் பாறையின் உறுதியும் புதிதாயிருந்திராது.

இதனினும் கவனிக்கத்தக்கது வேறொன்று. மதம் மாறியவர் புதிய மதத்தில் மிகுந்த பிடிவாதம் காட்டுவது உலக வழக்கம். மகேந்திரனோ மண்டகப்பட்டில் மூன்று கருவறைகளைக் குடைந்து மூவருக்கும் சமமான இடம் அளித்தான். அக்கோயிலின் தூண்களில் அலங்காரம் மிகுதியில்லை. இருபுறமும் வாயிற்காவலர் மட்டுமே காவல் நிற்கின்றனர். அருகிலுள்ள தளவானூரில் சத்துருமல்லன் என்ற தன் பட்டத்தால் இவன் குடைவித்த சிவாலயத்திலோ மகர தோரணம் முகப்பை அழகு செய்கிறது. திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையிலும் பாறையில் குடைந்த திருமால் கோயில் ஒன்று உண்டு.

சாளுக்கியன் புலிகேசி படையெடுத்து வந்து மகேந்திரனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாகத் தன் வெற்றியைப் பொறித்து வைத்தான். காஞ்சியில் மகேந்திரன் வாழ்ந்த அரண்மனை இன்று இல்லை. பாறையில் குடைந்தவை அழியவில்லை. அவன் குமாரன் நரசிம்மன் காலத்தில் அக்கலை மாமல்லபுரத்தில் மேலும் வளர்ந்தது.

மண்டகப்பட்டின் மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாயிருக்கின்றன. நாமோ சாலைக்கும் வீட்டுக்குமாக இவ்வட்டாரத்துப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து வருகிறோம். கல் நமக்கு வேண்டியதே. ஆயினும் எந்தப் பாறையைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்ற விவேகம் அதனினும் வேண்டியது. விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் ஒருமுறையேனும் தம் மக்களை அழைத்துச் சென்று இக்கோயில்களைக் காட்டுவாராக. கண்டறியாத செல்வத்தை எவரும் காக்கப் போவதில்லை.