ஊரின் கணக்கை எழுதியவர்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

ஒரு நாட்டின் வளத்தை அளக்க ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுகோலை வைத்திருக்கின்றனர். வானளாவிய கட்டடங்களைக் கொண்டு அளப்பவர் சிலர். கருவூலத்தில் குவிந்த செல்வத்தைக் கொண்டு அளப்பவர் சிலர். கடைக்கோடிச் சிற்றூரில் விளைந்த தானியம் யார் கைக்குப் போகிறது, அதற்கு ஈடாக அவ்வூருக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்று கேட்டு அளந்தவர் ஒருவர் உண்டு. அவரே காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா. மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றியும் கிராமத்து இளைஞர்களின் பிழைப்பைப் பற்றியும் எங்கும் பேசப்படும் இந்நாளில், ஜவ்வாது மலையின் சாரலில் வாழும் நாம் அப்பெருந்தகையின் வாழ்வை அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது அவருடைய இளமைப் பெயர். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணி செய்தவர். குமரப்பா இலண்டன் சென்று கணக்குத் தணிக்கைக் கலையைக் கற்றுத் தேர்ந்தார். தாயகம் திரும்பியபின் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். நடை, உடை, பழக்கம் அனைத்திலும் அவர் அன்று ஒரு மேனாட்டுக் கனவானாகவே விளங்கினார். வசதிக்குக் குறைவில்லை, வாழ்க்கையும் அப்படியே ஓடியிருக்கும்.

1927-இல் அவர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று, பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியியல் பயின்றார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது குறித்து அவர் அங்கே ஆற்றிய சொற்பொழிவு ஒன்று செய்தித்தாளில் வெளியாயிற்று. அதைக் கண்ட பேராசிரியர், அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார். ஆராய ஆராயக் குமரப்பாவின் உள்ளம் மாறியது. ஆங்கிலேய அரசு ஏழை உழவனிடம் வரியாகப் பெற்ற பணம் அவன் நலனுக்காகச் செலவாகாமல் எங்கெங்கோ வெளியேறிக் கொண்டிருப்பதை அந்தத் தணிக்கையாளரின் கண்கள் கண்டுகொண்டன. ஆங்கிலேய ஆட்சியை மதித்த கார்னீலியஸ் மறைந்து, தேசத் தொண்டராகிய குமரப்பா தோன்றியது இவ்வாறுதான். முன்னோர் பெயரையே தம் பெயராகவும் சூட்டிக்கொண்டார்.

தம் ஆராய்ச்சி நூலை வெளியிடும் நோக்கத்துடன் 1929-ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். மேனாட்டு உடையில் வந்த விருந்தினரும் அத்தரையிலேயே அமர்ந்தார் என்பர். காந்தியடிகள் அந்த ஆராய்ச்சியைத் தம் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டதோடு, குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார்.

இங்கே மாணவ நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பணியில் குமரப்பாவுக்குத் துணை நின்றவர்கள் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களே. அவர்கள் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாக வரவு செலவைக் கேட்டு எழுதினர். ஏழையின் ஏழ்மைக்கு அவனுடைய சோம்பலே காரணம் என்று சொல்லிவந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஏடே விடையாயிற்று.

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. காந்தியடிகள் சிறைப்பட்டபின் 'யங் இந்தியா' இதழின் பொறுப்பை ஏற்ற குமரப்பா, அதில் எழுதியமைக்காகத் தாமும் சிறை புகுந்தார். 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்குகள் குமரப்பாவின் கைக்கு வந்தன. காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று குமரப்பா மறுத்துவிட்டார். துயருற்றோருக்கென மக்கள் தந்த பணம் துயருற்றோருக்கே உரியது என்பது அவர் கொள்கை. அடிகளும் அதனை ஏற்றுக்கொண்டார். தலைவருக்கும் தளராத கணக்கு அது!

அதே 1934-ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதனைக் கட்டி வளர்க்கும் பொறுப்பு குமரப்பாவைச் சேர்ந்தது. வார்தா நகரில் மகன்வாடி என்னும் இடத்தில் கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சவர்க்காரம் முதலிய தொழில்களில் ஆய்வும் பயிற்சியும் நடந்தன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. விளக்கெரிக்கக்கூட ஊரின் காசு வெளியே ஓடலாகாது என்பதே அதன் உட்பொருள்.

குமரப்பா இயந்திரத்தின் பகைவர் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. செக்கையும் திரிகையையும் திருத்தி, உழைப்பவரின் களைப்பைக் குறைக்க முயன்றவர் அவர். அக்கருவி உழைப்பவருக்குத் துணையாகிறதா, அல்லது அவரை வெளியே தள்ளுகிறதா என்பதே அவருடைய கேள்வி.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டி மீண்டும் சிறைவாசம் நேர்ந்தது. அங்கே அவர் எழுதிய நூல், 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் வழங்கப்பெறுகிறது. இயற்கையிலிருந்தே பொருளியலின் ஐந்து நிலைகளை அதில் காட்டுகிறார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி ஒரு நிலை; பிறர் வளர்த்த தோப்பில் கனி பறிக்கும் குரங்கு மற்றொரு நிலை; தன் முயற்சியால் கூடு கட்டும் பறவை அடுத்த நிலை; கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ அதனினும் உயர்ந்த நிலை; கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை எல்லாவற்றினும் உயர்ந்த நிலை. தேனுக்குப் பெயர் பெற்ற நம் மலையில் இதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949-இல் அறிக்கை அளித்தார். பதவி எதையும் நாடவில்லை. இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் கழித்தார். தம் அறையில் இருந்த காந்தியடிகளின் படத்தைத் தம் தலைவரென்றும், ஏழைக் கிராமவாசி ஒருவரின் படத்தைத் தம் தலைவருக்குத் தலைவரென்றும் வந்தோருக்குக் காட்டுவாராம். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.

சுய உதவிக் குழு என்னும் பெயர் அவர் காலத்தில் இல்லை. 1989-இல் அண்டை மாவட்டமாகிய தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமே பின்னர்த் தமிழகமெங்கும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடிச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, வங்கிக் கடனும் பெறுகின்றனர். கந்து வட்டிக்குக் கை நீட்டிய காலத்தை நினைத்தால் இது பெரும் விடுதலையே. என் அன்னையாரும் அத்தகைய குழுவில் ஒருவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவனாகிய நான், விடுமுறை நாட்களில் அக்குழுவின் வரவு செலவுப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதுண்டு. சேமிப்பும் தவணையும் அதில் தவறாமல் இருக்கும். ஆனால் மலையில் விளைந்த சாமையும் புளியும் கடுக்காயும் என்ன விலைக்குக் கீழே இறங்கின என்ற கணக்கு அதில் இருப்பதில்லை. குமரப்பா முதலில் தேடியிருக்கும் பக்கம் அதுதான்.

கடன் மட்டும் பெருகி, அதைக் கொண்டு ஊரில் தொழில் வளராவிட்டால், குழு என்பது தவணை கட்டும் கூட்டமாகவே நின்றுவிடும். சாமையின் தோல் நீக்குவது எளிதன்று. உரலும் உலக்கையுமாகப் பெண்களின் பகற்பொழுதை அது விழுங்கிவிடும். அதனால் தானியத்தை அப்படியே விற்றுவிடுகிறோம். அரிசியாக்கும் ஆதாயம் வேறொருவருக்குப் போகிறது. தோல் நீக்கும் சிறு இயந்திரம் குழுவுக்கே உடைமையாக இருந்தால், அந்த ஆதாயம் ஊரிலேயே தங்கும். ஜமுனாமரத்தூர்ப் பகுதியில் பெண்கள் இம்முயற்சியில் இறங்கியிருப்பது நம்பிக்கை தருகிறது.

இது வெறும் இலாப நட்டப் பேச்சன்று. ஊரில் வேலையில்லாத இளைஞன் எந்த வேலைக்கும் கிளம்பிவிடுகிறான். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல் படையினரால் சுடப்பட்டு மாண்ட 20 தமிழகத் தொழிலாளர்களுள் நம் மலை மக்களும் இருந்தனர். ஊரில் பிழைப்பு இல்லாமற்போவதன் விலை உயிராகவும் இருக்கலாம் என்பதை நாம் மறக்கலாகாது.

மாத்தர் வட்டத்துக்கு அன்று மாணவர்கள் சென்றனர். நம் கல்லூரி மாணவரும் ஒரு கோடை விடுமுறையில் இம்மலையூர்களுக்குச் சென்று, இங்கிருந்து இறங்குவது எவ்வளவு, திரும்பி ஏறுவது எவ்வளவு என்று எழுதலாமன்றோ? எழுதிய ஏட்டை அந்தந்த ஊர்க் குழுவின் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம். குமரப்பாவுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த அஞ்சலி அதுவே.